குரல் இல்லாத நாள்களின் ஸ்தோத்திரம்

எங்கள் வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லாதவருக்குக் காலைக் காபி கிடையாது. இது அம்மா வைத்த சட்டம். விடிந்தும் விடியாத நேரத்தில் நால்வரும் பாயை விரித்து வட்டமாக உட்கார வேண்டும். அப்பா, அம்மா, நான், தம்பி என்று வரிசை. ஆளுக்கு ஒன்று. நன்றி சொல்லலாம், புகழ்ந்து சொல்லலாம். எதுவும் கேட்கக் கூடாது. கேட்பதற்கு ராத்திரி ஜெபம் இருக்கிறது என்பாள் அம்மா. இன்னொரு நிபந்தனையும் உண்டு. நேற்றுச் சொன்னதை இன்று சொல்லக் கூடாது.

அந்த இரண்டாவது நிபந்தனை அப்பாவால் வந்தது. அவர் திருமங்கலத்தில் மூட்டை தூக்குகிறவர். முதல் லாரி வருவதற்குள் போய் நிற்க வேண்டும் என்ற அவசரத்தில், தினமும் "சுகத்துக்கு ஸ்தோத்திரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு டம்ளருக்குக் கையை நீட்டுவார். ஒருநாள் அம்மா டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நேத்து வடிச்ச சோத்தையே தெனமும் போட்டா திம்பீகளா?"

"பழைய சோறுன்னா திம்பேன்."

"ஆண்டவரு திங்க மாட்டாரு. வேற சொல்லுங்க."

அப்பா முகட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கடைசியில், "நேத்து அம்புட்டு மழையிலயும் மக்காச்சோள மூட்டை நனையாம இறங்குச்சு. ஸ்தோத்திரம்" என்றார். காபி கிடைத்தது. அன்றிலிருந்து அப்பாவின் ஸ்தோத்திரத்தில் மிளகாய் வற்றல், பருத்திப் பொதி, பிரேக் பிடிக்காமல் போய்ச் சுவரை மட்டும் இடித்த லாரி என்று திருமங்கலம் முழுவதும் வர ஆரம்பித்தது.

எங்கள் தெரு, திருமங்கலத்திலிருந்து பேரையூருக்குப் போகும் சாலையில், வீடுகள் முடிந்து கரிசல் காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விவசாயக் குடும்பம். அந்த வீட்டு அத்தைதான் எங்களுக்குப் பால் ஊற்றுவார். நாங்கள் முடிக்கும் வரைக்கும் செம்போடு வாசலில் நிற்பார். அவர் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் எங்கள் வரிசை அவருக்கு மனப்பாடம். "எங்க செவலைப் பசு கன்னு போட்டிருக்கு மதினி, கெடேரிக் கன்னு. அதையும் உங்க கணக்குல சேத்துச் சொல்லிருங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். அம்மாவும் மறுநாள் தவறாமல் சேர்த்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். அதற்கு மேல் பட்டமும் வாங்கினேன், பி.எட். முடித்தேன், திருநகரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனேன். தம்பி எட்டாவதோடு நின்று குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். அப்பாவும் அம்மாவும் எழுத்துப் பக்கமே போனதில்லை. வேதாகமத்தை அம்மா கேட்டது பெரும்பாலும் என் வாயால்தான். ஆராதனையில் பாடம் வாசிக்க நான் எழுந்தால், பின்வரிசையில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருக்கும் பெண்கள்கூடக் கையை நிறுத்திக் கேட்பார்கள். என் குரலைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. படித்ததையும் அந்தக் குரலையும் நான் வேறு வேறாக நினைத்ததில்லை. இரண்டும் சேர்ந்துதான் நான்.

காலையில் சொல்ல வேண்டிய என் வாக்கியம் பாதித் தூக்கத்திலேயே உருவாகிவிடும். உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, எங்கள் கண்மாயில் மூடுபனி இறங்கிய காலையைப் போல, தண்ணீர் எது, ஆகாயம் எது என்று தெரியாத நேரம். அங்கே சொற்கள் நீர்க்கோழிகளாக மிதந்துகொண்டிருக்கும். நான் கரையில் நின்று எனக்குப் பிடித்தவற்றைக் கூப்பிடுவேன். ஒவ்வொன்றாக வந்து வரிசையில் சேரும். எழுந்து பாயில் உட்காரும்போது, "ஒளியை இருளிலிருந்து ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிரித்தெடுக்கிறவரே" என்று அது முழுதாக நாவில் இருக்கும். தம்பி கொட்டாவி விடுவான். "அக்கா, காபி வேணுமா, மைக் வேணுமா?"

அவன் முறையில், "ஆமென்னு அக்கா சீக்கிரம் சொன்னதுக்கு ஸ்தோத்திரம்" என்பான்.

அந்த ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் என் குரல் போனது. எங்கள் பள்ளி நெடுஞ்சாலையை ஒட்டியது. ஜன்னலைச் சாத்தினால் வெக்கை. திறந்தால் லாரிகள். பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் லாரியை மீறிக் கத்தித்தான் ஒளிச்சேர்க்கையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாயங்காலமானால் குரல் கம்மும், காலையில் சரியாகிவிடும். பிறகு காலையிலும் சரியாகவில்லை. ஒருநாள் கரும்பலகையில் இலையின் படத்தை வரைந்துவிட்டுத் திரும்பி வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

மதுரையில் தொண்டை மருத்துவரான அம்மையார் ஒருவர் குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாண்களின் மேல் முடிச்சுகள் விழுந்திருக்கின்றன என்றார். பேசவே கூடாது. கிசுகிசுப்பு அதைவிட மோசம். ஓய்வில் முடிச்சு சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பள்ளியில், காலாண்டு விடுமுறை முடியும் வரை வேறு ஓர் ஆசிரியையை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னார்கள். நான் சேர்ந்து ஓராண்டுகூட முடியாதவள். விடுமுறை முடிந்தும் பேச்சு வராவிட்டால் என் இடத்துக்கு வேறொருவர் நிரந்தரமாக வருவார் என்பதையும் தன்மையாகவே சொன்னார்கள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டை விலக்கித் தன் தோளைக் காட்டினார். மூட்டை உட்கார்ந்து உட்கார்ந்து அங்கே தோல் காய்த்து, ஆமை ஓடு போலிருக்கும்.

"இந்தா, இதே கதைதான் தாயி. உனக்கு உள்ளுக்குள்ள காய்ச்சிருக்கு. நீயும் லோடு ஏத்திருக்க."

மறுநாள் காலையில் வழக்கம்போல் பாய் விரித்தோம். அப்பா சொன்னார், அம்மா சொன்னாள். என் முறை வந்தது. நான் கைபேசியில் என் வாக்கியத்தை எழுதி நீட்டினேன். அம்மா அதை வாங்கி, தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை ஆண்டுகள் படித்தேன். நான் எழுதக்கூடிய எதையும் என் அம்மாவால் வாசிக்க முடியாது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் என் குரல்தான்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். "என் தம்பியைப் போல ஒரு தங்கமான தம்பியைக் கொடுத்த ஆண்டவரே..."

நான் அவன் தலையில் குட்டினேன்.

"இது வேணாம்ப்பா" என்றார் அப்பா. "அது சொல்றது அவருக்கு. நமக்கு எதுக்கு எழுதிக் காமிக்கணும்? அதுபாட்டுக்கு மனசுல சொல்லட்டும். சொல்லி முடிச்சுத் தலையாட்டுற வரைக்கும் நாம இருப்போம்."

அப்படித்தான் ஆனது. என் முறை வரும்போது வீடு அமைதியாகும். லாரிக்கு ஓடுகிற அப்பா ஓடாமல் இருப்பார். தம்பி கொட்டாவியைக் கையால் மூடிக்கொள்வான். வாசலில் பால் செம்போடு நிற்கிற அத்தையும் அசையமாட்டார். நான் தலையாட்டியதும் எல்லோரும் "ஆமென்" என்பார்கள். என்ன சொன்னேன் என்று யாரும் கேட்டதில்லை.

முதலில் அந்த அமைதிக்குள்ளும் நான் வாக்கியங்களைத்தான் அடுக்கினேன். போகப்போக அவை கலைந்தன. சத்தமாகச் சொல்லாத வாக்கியத்துக்கு முடிவு வருவதில்லை. அது பாதியில் வேறொன்றாக மாறிவிடும். ஒளியை என்று ஆரம்பிப்பேன். ஜன்னல் கம்பியில் ஒளி ஏறி வருவது தெரியும். அதற்குப் பிறகு சொல் வராது. ஒளி மட்டும் வரும். காட்டுப் பக்கம் மயில் அகவுவது, அடுப்பில் பால் பொங்கும் முன் எழும் சின்ன முனகல், அப்பாவின் மூச்சு என்று ஒவ்வொன்றும் ஏதோ ஆழத்திலிருந்து மேலே வந்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் கீழே போகும். இதுதான் ஸ்தோத்திரமா, இல்லை நான் மறுபடியும் தூங்கிவிட்டேனா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். சந்தேகத்தோடேயே தலையாட்டுவேன்.

பகலில் அந்த மிதப்பு இருக்காது. பயம் இருக்கும். பள்ளி வேன் எங்கள் சாலையில் போகும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். தெருவில் நான் மௌன விரதம் இருப்பதாகப் பேச்சு பரவியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையில் இரண்டு வாழைப்பழங்களை வைத்து, "எம் மகளுக்கு வரன் அமையணும், மனசுல நெனச்சுக்க தாயி" என்றாள். மறுப்பதற்கும் வாய் வேண்டுமே. நினைத்துக்கொண்டேன். பழத்தைத் தம்பி தின்றான்.

வாரம் ஒரு வீடாகச் சுற்றிவரும் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமையன்றுதான் அது நடந்தது. ஜெபக்குழுவை நடத்துகிறவரைச் சபையில் எல்லோரும் சிஸ்டர் என்போம். என் ஒவ்வொரு தேர்வுக்கும் உபவாசமிருந்து ஜெபித்தவர். என்மேல் அவருக்கு உரிமை உண்டு. பாட்டுகள் முடிந்ததும் என்னை நடுவில் உட்கார வைத்தார்.

"மகளே, துதிக்கிற வாயை எதுவும் கட்டிப் போட முடியாது. விசுவாசத்தோட ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்து சத்தமா ஸ்தோத்திரம்னு சொல்லு. இன்னைக்கே கட்டு அவுந்துரும்."

சுற்றியிருந்தவர்கள் என்னைத் தூக்கிவிடுவதுபோல் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த அந்த ஒரு சொல் தொண்டைக்குள் முட்டிக்கொண்டு நின்றது. சொன்னால் முடிச்சு கிழிந்து ரத்தம் கட்டலாம் என்று மருத்துவர் படம் வரைந்தே காட்டியிருந்தார். சொல்லாவிட்டால், இத்தனை பேர் நடுவில், விசுவாசம் இல்லாதவள். நான் அம்மாவைத் தேடினேன். மருத்துவமனையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள் அவள்.

அம்மா கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது. "சொல்லுத்தா" என்றாள். "ஒரே ஒரு தடவை. எனக்காக."

நான் வாயைத் திறந்தேன்.

"சிஸ்டர்." அப்பா கதவோரம் எழுந்து நின்றிருந்தார். "அது தெனமும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு."

"எனக்குக் கேக்கலையே அண்ணே."

"உங்ககிட்டச் சொன்னாத்தான உங்களுக்குக் கேக்கும்."

தம்பிக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. சிஸ்டர் அப்பாவைப் பார்த்தார். பிறகு என் திறந்த வாயைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, என் முகவாயில் கை வைத்து மெதுவாக மூடிவிட்டார். என் தலையில் கை வைத்துச் சத்தமே இல்லாமல் ஜெபித்தார். அவருக்கு அப்படியும் ஜெபிக்க வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலையில் அப்பா தன் முறையைச் சொன்னார். அடுத்து அம்மா. அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு இன்னைக்கு ஒண்ணும் வரல" என்றாள்.

காய்ச்சலில் கிடந்தபோதும், வீட்டுக் கூரை காற்றில் பறந்துபோன அன்று காலையிலும் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். கூரை பறந்த அன்று, "வானம் நல்லாத் தெரியுது" என்றாள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை என்றதும் நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். என் குரலோடு இந்த வீட்டின் காலையும் போய்விடுமோ என்று பயந்தேன்.

"டாக்டரம்மா அம்புட்டுச் சொல்லியும் இதைக் கத்தச் சொல்லிட்டேனே. இது பேசாமலே போயிருமோன்னு பயமா இருக்குங்க. நெஞ்செல்லாம் பயத்தை வச்சுக்கிட்டு எதைச் சொல்ல?"

அப்பா, "சரி, விடு" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். "முறைன்னா முறைதான். மகளுக்கு இருக்குற மாதிரி உனக்கும் இருப்போம்."

அம்மாவின் முறைக்கு அமைதியாக இருந்தோம். அது நீண்டுகொண்டே போய் என் முறையோடு கலந்துவிட்டது. எங்கே அவளுடையது முடிந்தது, எங்கே என்னுடையது தொடங்கியது என்று தெரியவில்லை. வெளியே ராத்திரி மழைக்குப் பின் மூடுபனி இறங்கியிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் மக்காச்சோளக் காடு இல்லை, சாலை இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று வீட்டைச் சுற்றி நின்றது. அம்மாவும் நானும் அதன் அடியில் ஒரே தண்ணீருக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. கையை எட்டி அவள் கையைப் பிடித்தேன். ஈரமாக இருந்தது.

வாசலில் செம்பு தட்டிய சத்தம் கேட்டது. அத்தை தலையை நீட்டி உள்ளே பார்த்தார். நான்கு பேர், ஒரு சத்தமும் இல்லை.

"என்ன மதினி, இப்ப எல்லாருக்குமா தொண்டை கட்டிருச்சு?"

அம்மாவுக்குத்தான் முதலில் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா சிரித்தார். தம்பி பாயில் சாய்ந்தே விட்டான். எனக்குச் சிரிக்கவும் தடை என்பதால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அத்தை, "நான் என்னத்தைச் சொல்லிட்டேன்?" என்று திகைத்து நின்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிரிச்சுட்டேன்ல" என்றாள். "இன்னைக்கு அவரு இதையே வச்சுக்கிடட்டும்."

மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள். நான் தலையாட்டினேன்.

விடுமுறை முடிவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்க்கப் போனோம், அம்மாவும் நானும். குழாய் உள்ளே போனது. "ஈன்னு இழுங்க" என்றார். இத்தனை நாள் மூடிக்கிடந்த வீட்டைத் திறப்பது போல் பயந்து பயந்து இழுத்தேன். துருப்பிடித்த கதவுபோல் ஒரு சத்தம் வந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே குழாயை எடுத்தார்.

"இப்ப ஏதாவது பேசுங்க. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினாலும் சரி."

பேச்சு வரும் நாளுக்கென்று நான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். நீளமானது, அழகானது. அது எங்கே போனதோ.

"அம்மா சிரிச்சதுக்கு ஸ்தோத்திரம்" என்றேன்.

என் குரல் அல்ல அது. தாழ்ந்து, கொஞ்சம் மணல் கலந்து, யாரோ ஒரு மூத்த பெண் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலிருந்தது. அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் மருத்துவர், ஏதோ எழுதிக்கொண்டே.

"அப்பா தோளுக்கு ஸ்தோத்திரம். தம்பி வாய்க்கு ஸ்தோத்திரம். அத்தை ஊத்துற பாலுக்கு..."

"போதும், போதும்." மருத்துவர் சிரித்தார். "நல்லாச் சுருங்கியிருக்கு. கத்தி தேவைப்படாது." சொன்னது உடனே எங்களுக்குப் புரியவில்லை. இரண்டாம் தரம் சொன்னார். பள்ளிக்குப் போகலாம். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக் இல்லாமல் பாடம் நடத்தக் கூடாது. இனி எந்நாளும் கத்தக் கூடாது. பள்ளி திறக்கும் வரைக்கும் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மேல் சுருதியில் பாடுவதை மறந்துவிடுவது நல்லது என்றும் சொன்னார். அது சுருக்கென்று தைத்தது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில், எல்லோர் குரலும் மேலே ஏறும் இடத்தில் நான் மட்டும் கீழே நின்றுகொள்ளும்போது, அது தைக்கத்தான் செய்கிறது. ஆனால் என் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் நான் பேசுவது கேட்கிறது. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்று திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, நடுவில் அம்மா, அந்தப் பக்கம் கத்தரிக்காய்க் கூடையை மடியில் வைத்த ஒரு பெண். சாயங்கால வெயில் பஸ்ஸுக்குள் தேனாக நிறைந்திருந்தது. திருநகரில் என் பள்ளி வாசல் கடந்து போனது. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் வேப்பமரம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் பாதிக் கனவில் இருந்தேன். அம்மாவோ பஸ் புறப்பட்டதிலிருந்து ஓயவில்லை. எங்கள் தெரு, குரல் போனது, டாக்டரம்மா, குழாய், சிஸ்டர், சிரிப்பு, ஸ்தோத்திரம் என்று எல்லாவற்றையும் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் சொல்லித் தீர்த்தாள். பாய் மேல் மட்டும் சொல்லி வந்ததை முதல்முறையாகப் பஸ்ஸில் சொன்னாள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, வரிசையும் இல்லாமல் நிபந்தனையும் இல்லாமல்.

கேட்டுக்கொண்டே வந்த அந்தப் பெண் கூடைக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தாள். "எங்க தாயி, ஒரு வார்த்தை பேசு. நானும் கேக்குறேன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயை மூடியது.

"இன்னைக்கு உள்ளதைப் பேசியாச்சுக்கா" என்றாள் கறாராக. "இனி நாளைக்குக் காலையிலதான்."

அந்தப் பெண் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டாள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். "எங்க தெரு பக்கத்துலதான். காய் போடப் போறப்ப வாரேன்."

"வாங்க" என்றாள் அம்மா. "காபி குடிச்சிட்டுப் போலாம். ஆனா ஒண்ணு, நீங்களும் ஏதாச்சும் சொல்லணும்."